எஸ்.இ.சி. பயிற்சியாளர்களை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அட்லாண்டா பக்கம். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் கல்லூரி ஃபுட்பால் தவிர வேறு பேச்சு கிடையாது. ஞாயிறு காலை காப்பியோடு அடுத்த கட்டம் ஆரம்பிக்கும்: "அந்தக் கோச்சைத் தூக்க வேண்டும்", "இவரைப் போல உண்டா". புதிதாக வந்து சேரும் தமிழ் நண்பர்கள் நாலைந்து வாரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் 2024 சீசனிலிருந்து. முடிந்துபோன ஒரு சீசனைக் கையில் எடுத்தால்தான் அப்போது சொன்ன தீர்ப்புகள் பலித்தனவா என்று பார்க்க முடியும்.

இது எந்த ஃபுட்பால்? கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். பல்கலைக்கழகங்கள் கூட்டணிகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்கின்றன. அந்தக் கூட்டணிக்குப் பெயர் கான்ஃபரன்ஸ். தென் மாநிலங்களின் கூட்டணி சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. 2024 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த பிறகு அதில் 16 அணிகள். அந்த ஆண்டு ஒவ்வொரு அணிக்கும் 12 ஆட்டங்கள்: எட்டு கூட்டணிக்குள், நாலு வெளியே. முதல் இரண்டு இடம் பிடித்தவை டிசம்பரில் அட்லாண்டாவில் மோதும். அதற்கு மேலே, நாடு முழுவதிலுமிருந்து 12 அணிகளைப் பொறுக்கி எடுக்கும் பிளேஆஃப். 12 அணிகளோடு அது நடந்தது 2024 சீசனில்தான் முதல்முறை.

தலைமைப் பயிற்சியாளர் அப்படி என்ன செய்கிறார்?

கிரிக்கெட்டில் கேப்டன், கோச், தேர்வுக்குழுத் தலைவர் மூவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்களின் வீடு வீடாகப் போய் ஆள் பிடிப்பது அவர் வேலை. உதவிப் பயிற்சியாளர்களை வைப்பதும் நீக்குவதும் அவர் வேலை. பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நாலு முயற்சி உண்டு; ஆட்டத்தின் நடுவே நாலாவது முயற்சியில் துணிந்து போவதா, பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுப்பதா என்று முடிவெடுப்பவரும் அவரே. ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட்டுக்கு 2024இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 1.3 கோடி டாலர். அவ்வளவு கொடுத்த பிறகு தோல்விக்கு வேறு யாரைக் கேட்பார்கள்?

வெற்றி தோல்விப் பட்டியலே போதாதா?

எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருந்தால் போதும். 2024இல் 16 அணிகள், ஆளுக்கு எட்டே ஆட்டங்கள். அதாவது கூட்டணியில் பாதிப் பேரோடுதான் ஒரு அணி ஆடியது. யாருக்கு எந்தப் பாதி வாய்த்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த ஆண்டு டெக்சஸ் கூட்டணிக்குள் 7-1 (ஏழு வெற்றி, ஒரு தோல்வி), ஜார்ஜியா 6-2, ஃப்ளோரிடா 4-4. இந்த மூன்றையும் எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு அணியின் எட்டு எதிராளிகளும் கூட்டணிக்குள் மொத்தம் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்று கூட்டுங்கள். ஆளுக்கு எட்டு வீதம் 64 முடிவுகள். டெக்சஸின் எதிராளிகள் அவற்றில் 24 வென்றிருந்தார்கள். ஜார்ஜியாவின் எதிராளிகள் 30. ஃப்ளோரிடாவின் எதிராளிகள் 35.

இதில் ஒரு ஓட்டை உண்டு. டெக்சஸ் ஏழு பேரைத் தோற்கடித்ததாலேயே அந்த ஏழு பேரின் கணக்கில் ஆளுக்கொரு தோல்வி ஏறியிருக்கும், அதனால் எதிராளிகள் நோஞ்சானாகத் தெரிவார்கள். சரி, அந்தந்த அணியோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டே பார்ப்போம். 56 முடிவுகளில் டெக்சஸின் எதிராளிகளுக்கு 23 வெற்றி, ஜார்ஜியாவுடையவர்களுக்கு 28, ஃப்ளோரிடாவுடையவர்களுக்கு 31. இடைவெளி சுருங்குகிறதே ஒழிய மறையவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அட்டவணையைக் குறை சொல்லும் பயிற்சியாளரைப் பார்த்து ரசிகர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் சில வருடம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. ஜார்ஜியா அந்த ஆண்டு அலபாமா, டெக்சஸ், ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) மூவரையும் அவரவர் ஊரிலேயே போய்ச் சந்தித்தது. டென்னசி மட்டும் ஜார்ஜியாவுக்கு வந்தது. அலபாமாவிடமும் ஓல் மிஸ்ஸிடமும் தோற்றார்கள், டெக்சஸை 30-15 என்று வென்றார்கள். பிறகு அட்லாண்டா இறுதியாட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) காயம்பட்டு வெளியேற, மாற்று ஆளை வைத்துக்கொண்டு அதே டெக்சஸை 22-19 என்று கூடுதல் நேரத்தில் மீண்டும் வென்றார்கள். 7-1 வாங்கிய டெக்சஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியனைவிட 6-2 வாங்கிய ஸ்மார்ட் அந்த ஆண்டு ஒரு படி மேல் என்று நான் சொல்வது இதனால்தான். ஜார்ஜியாக்காரர்களுக்கு நடுவே குடியிருப்பதால் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதையும் மறுக்க மாட்டேன்.

கையில் இருக்கும் ஆட்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இந்த ஆட்டத்தில் சட்டியை நிரப்புவதும் பயிற்சியாளர்தான் என்பதுதான் சிக்கல்.

பள்ளி வீரர்களுக்கு இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் போடும் சேவைகள் உண்டு. ஜார்ஜியா, அலபாமா, டெக்சஸ் அணிகளில் பாதிக்கு மேல் நாலு, ஐந்து நட்சத்திரக்காரர்கள். நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட் படிப்புக்குப் பெயர்போன பல்கலைக்கழகம், அங்கே அந்த ரகம் அபூர்வம். இருவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள் என்பதற்காக ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. வேறு கல்லூரிக்குப் போக நினைக்கும் வீரர் அதில் பெயரைப் பதிந்துவிட்டால் எந்தக் கல்லூரியும் கூப்பிடலாம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றும் ஆனது. இந்த இரண்டும் சேர்ந்ததில் "ஆள் சேர்க்க நாலு வருடம் வேண்டும்" என்ற பழைய சாக்கு பாதி செத்துவிட்டது. இன்று இரண்டு சீசன்களுக்கு நடுவிலேயே அணியைப் புரட்டிப்போடலாம், அதனால் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைந்துவிட்டது. லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸை 2024க்கு அப்படித்தான் தயார் செய்தார். சீசனுக்கு முன் நாட்டில் ஆறாவது இடத்தில் வைத்தார்கள். வழக்கமான 12 ஆட்டங்களின் முடிவு 9-3. அதில் ஒரு தோல்வி சொந்த மண்ணில் கென்டக்கியிடம், 20-17. அந்தக் கென்டக்கி அந்த ஆண்டு கூட்டணிக்குள் வென்றது அந்த ஒரே ஆட்டத்தைத்தான். ஒன்பது வெற்றி என்று சொன்னால் யாரும் நல்ல சீசன் என்பார்கள். சட்டியில் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

எத்தனை ஆட்டம் ஆன பிறகு கருத்துச் சொல்லலாம்?

செப்டம்பரில் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

2023இல் அலபாமா இரண்டாவது வாரமே சொந்த ஊரில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் நிக் சேபன் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவை உட்கார வைத்துவிட்டு வேறு இருவரை இறக்கினார். சவுத் ஃப்ளோரிடாவை 17-3 என்று திக்கித் திணறி வென்றார்கள். சேபனுக்கு வயதாகிவிட்டது என்று பேசாத ஆள் இல்லை. அதற்கடுத்த வாரம் மில்ரோவைத் திரும்ப இறக்கினார், அவருக்கு ஏற்றபடி தாக்குதலை மாற்றினார், டிசம்பரில் ஜார்ஜியாவை 27-24 என்று வென்று எஸ்.இ.சி. கோப்பையை எடுத்தார். அடுத்த மாதம் ஓய்வும் பெற்றுவிட்டார். எனக்குக் கேட்டால் அவருடைய சிறந்த சீசன்களில் அதுவும் ஒன்று. செய்த தவறை ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டு திருத்தியதைக் கண்ணால் பார்த்தோம்.

இன்னொரு பக்கம் ஃப்ளோரிடாவின் பில்லி நேப்பியர். 2024 முதல் ஆட்டத்தில் மயாமியிடம் 41-17, இரண்டு வாரம் கழித்து டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் (இது டெக்சஸ் அல்ல, வேறு பல்கலைக்கழகம்) 33-20, இரண்டும் சொந்த மைதானத்தில். செப்டம்பர் நடுவிலேயே அவரைப் போகச் சொன்னார்கள். குவார்ட்டர்பேக் கிரஹாம் மெர்ட்ஸ் முழங்கால் காயத்தோடு சீசனையே இழந்தார். அடுத்து வந்த டி.ஜே. லாக்வே ஜார்ஜியா ஆட்டத்தில் அடிபட்டார். 4-4 என்று நின்றபோது, நவம்பர் 7 அன்று, விளையாட்டு இயக்குநர் ஸ்காட் ஸ்டிரிக்லின் "நேப்பியர் தொடர்வார்" என்று அறிவித்தார். இரண்டே நாளில் டெக்சஸிடம் 49-17. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன நடந்தது? எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்), ஓல் மிஸ், ஃப்ளோரிடா ஸ்டேட், கடைசியில் பவுல் என்று சீசனுக்குப் பின் நடக்கும் கூடுதல் ஆட்டத்தில் டுலேன், நால்வரையும் வரிசையாக வென்று 8-5 என்று முடித்தார்.

அப்படியானால் இயக்குநர் செய்தது சரியா? 2024ஐ மட்டும் பார்த்தால் சரி. அடுத்த சீசன் 3-4 என்று நிற்கும்போது, 2025 அக்டோபர் 19 அன்று, அதே நேப்பியரை நீக்கினார்கள். தாக்குதலில் அடுத்து எந்த உத்தியை ஆடுவது என்று தானே சொல்வேன் என அவர் பிடிவாதமாக இருந்ததைப் பலரும் மூன்று வருடமாகக் குறை சொல்லிவந்தார்கள். நாலு வெற்றி வந்ததும் அந்தக் குறை மறந்துபோனதே தவிரத் தீரவில்லை.

ஒரு பெரிய வெற்றி எவ்வளவு எடை?

2024 அக்டோபர் 5. வாண்டர்பில்ட் 40, அலபாமா 35. அலபாமா அன்று நாட்டில் முதலிடம். முதல் ஐந்து இடங்களில் இருந்த எந்த அணியையும் வாண்டர்பில்ட் அதுவரை வென்றதே இல்லை, அறுபது முறை முயன்று அறுபதும் தோல்வி. அலபாமாவைக் கடைசியாக வென்றது 1984இல். ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிக்கொண்டு போய்க் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள்.

இதை வைத்து வாண்டர்பில்ட் பயிற்சியாளர் கிளார்க் லீயை மேதை என்று சொல்லலாமா? மூன்று வாரம் முன்புதான் அதே அணி ஜார்ஜியா ஸ்டேட்டிடம் 36-32 என்று தோற்றிருந்தது. அது எந்தப் பட்டியலிலும் இல்லாத சின்ன அணி. ஒரு ஆட்டத்தை வைத்து மட்டும் பேசுவதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். என்னைக் கவர்ந்தது ஸ்கோரைவிட வென்ற விதம். பந்தை நிதானமாக நகர்த்திக் கடிகாரத்தைக் கரைத்தார்கள், அலபாமாவின் தாக்குதல் வீரர்களை மைதான ஓரத்திலேயே காத்திருக்க வைத்தார்கள், மூன்றாவது முயற்சிகளைத் திரும்பத் திரும்ப வென்றார்கள். பலம் குறைந்த அணி என்ன திட்டத்தோடு வர வேண்டுமோ அதே திட்டம். அதிர்ஷ்டத்தில் வென்ற ஆட்டம் இப்படி இருக்காது.

ஆட்டத்தைப் பார்க்கும்போது பயிற்சியாளரின் கை எங்கே தெரியும்?

பந்தைப் பிடித்தவர், தவறவிட்டவர் எல்லாம் வீரர்கள். பயிற்சியாளரைப் பார்க்க வேறு இடங்களில் கண் வைக்க வேண்டும்.

முதலாவது, நாலாவது முயற்சி. எதிரணிப் பாதியில் ஒரு கெஜம் மட்டும் வேண்டியிருக்கும்போது பந்தை உதைத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் விமர்சனத்துக்குப் பயப்படுகிறார் என்று அர்த்தம். மாறாக 2024 இறுதியாட்டத்தில் ஸ்மார்ட் தன் 30 கெஜக் கோட்டருகே, உதைப்பதுபோல் பாவனை காட்டி ஓட வைத்தார். தவறியிருந்தால் மறுநாள் அவரைக் கிழித்திருப்பார்கள்.

இடைவேளைக்கு முந்தைய கடைசி இரண்டு நிமிடம் இன்னொன்று. டைம்-அவுட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே ஓய்வறைக்குப் போகும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். இடைவேளைக்குப் பிறகு முதல் பதினைந்து நிமிடத்தையும் விடாதீர்கள், எதிரணி செய்ததைப் புரிந்துகொண்டு மாற்றம் செய்தாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சின்ன அபராதங்களும் முக்கியம். ஆட்டம் தொடங்கும் முன் அசைவது, களத்தில் 12 பேர் நிற்பது போன்றவை. வாரா வாரம் அதே அபராதம் வந்தால் பயிற்சி மைதானத்தில் ஏதோ ஒழுங்காக நடக்கவில்லை.

அதிர்ஷ்டத்தை எப்படிக் கழிப்பது?

முழுதாகக் கழிக்க முடியாது. 2023 நவம்பரில் ஆபர்ன் 24-20 என்று முன்னிலை. அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, நாலாவது முயற்சி, எல்லைக்கோட்டுக்கு 31 கெஜம். மில்ரோ வீசினார், மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார், 27-24. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அது விழாமல் போயிருந்தால் மேலே நான் சேபனைப் புகழ்ந்த பத்தியே இருந்திருக்காது. அந்த வாரம் தோற்ற அலபாமாவை பிளேஆஃபுக்கு யார் எடுப்பார்கள்?

அதே நேரம் ஆபர்ன் பயிற்சியாளர் ஹியூ ஃப்ரீஸின் அணி அந்த ஒரு முயற்சிக்கு இரண்டே இரண்டு பேரைத்தான் குவார்ட்டர்பேக் மேல் பாய அனுப்பியது. வீசுவதற்கு மில்ரோவுக்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தது. அதற்குச் சற்று முன் ஆபர்ன் வீரர் ஒருவர் உதைத்து வந்த பந்தைக் கைநழுவ விட்டதால்தான் அலபாமாவுக்கு அந்த வாய்ப்பே வந்தது. நழுவ விட்டது விதி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரை அனுப்பியது முடிவு. ஒரே நிமிடத்துக்குள் இரண்டும் கலந்து கிடக்கும், பிரித்து எடுப்பதுதான் நம் வேலை.

உதவிப் பயிற்சியாளர் ஜெயித்துக் கொடுத்ததைத் தலைவர் கணக்கில் எழுதுகிறோமோ?

அடிக்கடி. 2019இல் எட் ஓர்ஜெரானின் எல்.எஸ்.யு. 15-0 என்று நாட்டையே வென்றது. தாக்குதலைப் புதுப்பித்தவர் ஜோ பிரேடி, பாதுகாப்பு டேவ் அரான்டா, குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. மூவரும் அந்தச் சீசனோடு போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு 5-5. 2021 அக்டோபரில், ஃப்ளோரிடாவை 49-42 என்று வென்ற மறுநாளே, ஓர்ஜெரான் அந்தச் சீசனோடு விலகுவார் என்று அறிவித்தார்கள்.

ஆபர்னின் ஜீன் சிசிக் கதையும் அப்படியே. 2010இல் கேம் நியூட்டனை வைத்து 14-0, தேசியப் பட்டம். தாக்குதல் அமைத்தவர் கஸ் மால்சான். அவர் வேறு வேலைக்குப் போனார், 2012இல் அணி கூட்டணிக்குள் எட்டு ஆட்டத்திலும் தோற்றது, சிசிக்கை நீக்கினார்கள். 2013இல் மால்சானையே தலைமைக்குக் கொண்டுவந்தார்கள்: 12-2, அலபாமாவைக் கடைசி நொடியில் வென்ற ஆட்டமும் அந்த ஆண்டுதான்.

ஆனால் நல்ல ஆளை அடையாளம் கண்டு கூட்டி வருவதும் தலைவரின் திறமைதானே என்று கேட்பீர்கள். நியாயம். ஒரு முறை கூட்டி வந்தது திறமையா, தற்செயலா என்பது அவர் போன பிறகு வைக்கும் ஆளில் தெரியும். சேபன் வருடா வருடம் உதவியாளர்களை இழந்துகொண்டே அலபாமாவில் ஒன்பது எஸ்.இ.சி. பட்டம் வென்றார்.

புதிதாக வந்த பயிற்சியாளருக்கு எவ்வளவு சலுகை?

அவர் எதை வாங்கிக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. கேலன் டிபோர் 2024இல் சேபனின் நாற்காலியில் உட்கார்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைத் தேசிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். சேபன் ஓய்வு பெற்றதும் சில நல்ல வீரர்கள் கிளம்பிவிட்டார்கள், கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, பாண்ட் டெக்சஸுக்கு. வழக்கமான 12 ஆட்டங்களின் முடிவு 9-3. தோற்றது வாண்டர்பில்ட், டென்னசி, அப்புறம் ஒரு டச்டவுன்கூட (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) இல்லாமல் ஓக்லஹோமாவிடம் 24-3. பிளேஆஃப் வாய்ப்பு கையை விட்டுப் போனது.

சேபனே முதல் ஆண்டில் 7-6தான் என்று டிபோரின் ஆதரவாளர்கள் நினைவூட்டுவார்கள். உண்மைதான், 2007இல் லூசியானா-மன்ரோவிடம் 21-14 என்று சொந்த ஊரில் தோற்றார். ஆனால் சேபன் வாங்கிக்கொண்டது தடுமாறிக்கொண்டிருந்த அணி, டிபோர் வாங்கிக்கொண்டது எஸ்.இ.சி. சாம்பியனை. இந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை.

'ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்' விருதை நம்பலாமா?

அது பெரும்பாலும் "நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்ற விருது. 2022இல் ஜார்ஜியா 15-0, தேசியப் பட்டம். விருது டென்னசியின் ஜாஷ் ஹைப்பெலுக்கு. 15 ஆண்டுத் தொடர் தோல்விக்குப் பிறகு அலபாமாவை 52-49 என்று வென்றது அவருடைய அணி. 2023இல் மிசூரியின் ஈலை டிரிங்க்விட்ஸ், முந்தைய ஆண்டின் 6-7ஐ 11-2 ஆக்கியதற்காக. 2015இல் ஃப்ளோரிடாவின் ஜிம் மக்எல்வெய்ன் வாங்கினார், 2017 அக்டோபர் முடிவதற்குள் வேலை போய்விட்டது. சேபனுக்கோ பட்டம் வென்ற பல ஆண்டுகளில் விருது கிடைக்கவில்லை. அவர் ஜெயிப்பது செய்தியே இல்லையே.

ஏன் சீசன் நடுவிலேயே நீக்குகிறார்கள்? இரண்டு மாதம் பொறுத்தால் என்ன?

பள்ளி வீரர்கள் கையெழுத்துப் போடும் நாட்கள் முன்பு பிப்ரவரியில். 2017இலிருந்து டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது, பெரும்பாலானோர் அப்போதே போட்டுவிடுகிறார்கள். சீசன் முடிந்த கையோடு போர்ட்டலும் திறக்கும். அதற்குள் புதியவர் நாற்காலியில் இருந்தாக வேண்டும், எனவே அக்டோபரிலேயே தேட ஆரம்பிக்கிறார்கள். வென்ற மறுநாளே நீக்கும் கூத்தும் இதனால்தான். 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரின் டெக்சஸ் ஏ அண்ட் எம் 51-10 என்று வென்றது, மறுநாள் அவரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம்.

2024இல் உங்கள் தேர்வு யார்?

இறுதிச் சுற்றில் இருவர்: சவுத் கரோலைனாவின் ஷேன் பீமர், வாண்டர்பில்ட்டின் லீ. சீசனுக்கு முன் பத்திரிகையாளர்கள் போட்ட வரிசையில் முதலாமவர் அணி 13ஆவது, இரண்டாமவர் அணி 16க்கு 16.

பீமரின் கதையை டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் மைக் எல்கோவோடு சேர்த்து வைத்தால்தான் ருசி. எல்கோவுக்கு அங்கே அது முதல் ஆண்டு. இரு அணிகளும் கூட்டணிக்குள் 5-3 என்றே முடித்தன. எல்கோ முதல் ஐந்தையும் வென்றுவிட்டு கடைசி மூன்றையும் தோற்றார். பீமர் கென்டக்கியை வென்றபின் மூன்றைத் தோற்றார், அதில் எல்.எஸ்.யு.விடம் மூன்று புள்ளியிலும் அலபாமாவிடம் இரண்டு புள்ளியிலும். பிறகு கடைசி நாலையும் வென்றார். இரு கோடுகளும் வெட்டிக்கொண்டது நவம்பர் 2 அன்று: சவுத் கரோலைனா 44, ஏ அண்ட் எம் 20. சீசன் கடைசியில் கிளெம்சனையும் அதன் ஊரிலேயே 17-14 என்று சாய்த்தார்கள். ஒரு அணி வாரா வாரம் வளர்ந்ததும் இன்னொன்று தேய்ந்ததும் கண்முன்னே நடந்தது. பட்டியலில் இரண்டும் ஒரே எண்.

இருந்தாலும் என் ஓட்டு லீக்கு. முந்தைய ஆண்டு 2-10, கூட்டணிக்குள் ஒரு வெற்றி இல்லை. அவர் செய்தது தன்னையே திருத்திக்கொண்டது. நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் கலக்கிக்கொண்டிருந்த கூட்டத்தை அப்படியே கொண்டுவந்தார்: தாக்குதலுக்கு டிம் பெக், ஆலோசகராக ஜெர்ரி கில், குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா. பவுல் வெற்றியோடு 7-6. டெக்சஸிடம் தோற்றதுகூட 27-24தான். ஏழு வெற்றிக்கு இத்தனை பாராட்டா என்று அலபாமாக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்தத் தீர்ப்புகள் அடுத்த ஆண்டு தாங்கினவா?

லீ விஷயத்தில் தாங்கியது: 2025இல் வழக்கமான 12 ஆட்டங்களில் வாண்டர்பில்ட் 10-2. ஓக்லஹோமாவின் பிரென்ட் வெனபிள்ஸ் விஷயத்தில் நான் தோற்றேன். 2024இல் 6-7 என்று முடித்தபோது அவர் கதை முடிந்தது என்று எழுதி வைத்திருந்தேன், அடுத்த ஆண்டு அவரும் 10-2, பிளேஆஃப். 2024இல் இருந்த 16 பேரில் ஐந்து பேரை 2025 டிசம்பர் தொடக்கத்துக்குள் நீக்கியிருந்தார்கள். நேப்பியர், ஃப்ரீஸ், எல்.எஸ்.யு.வின் பிரையன் கெல்லி, ஆர்கன்சாவின் சாம் பிட்மேன், கென்டக்கியின் மார்க் ஸ்டூப்ஸ். கிஃபின் 11-1 என்ற ஓல் மிஸ்ஸை விட்டுவிட்டு எல்.எஸ்.யு.வுக்குக் கிளம்பினார்.

வளர்ந்த அணி, தேய்ந்த அணி என்று இத்தனை உறுதியாகச் சொன்னேனே, அந்த இருவர்? பீமரின் சவுத் கரோலைனா 2025இல் 4-8. எல்கோவின் ஏ அண்ட் எம் 11-1. நவம்பரில் மறுபடி மோதினார்கள். இடைவேளையில் பீமர் 30-3 என்று முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 31-30, வென்றது எல்கோ.